சானடோரியம் வேண்டாம், வீடு போதும்: வாலஸ் ஃபாக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பாவுக்கு டிபி என்று தெரிந்த அன்று மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "இவ்வளவு பெரிய வியாதிக்கு ஒரு கட்டில்கூடக் கொடுக்க மாட்டாங்களா?" என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் 1959இலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் சேத்துப்பட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அதைத் தேடிப் போனபோது கிடைத்த ஆள் வாலஸ் ஃபாக்ஸ். அவரைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த வாலஸ் ஃபாக்ஸ்?

பிரிட்டிஷ் நெஞ்சக நோய் மருத்துவர், ஆராய்ச்சியாளர். 1920இல் பிறந்து 2010இல் காலமானார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் காசநோய் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர். 1956இல் சென்னைக்கு வந்து, 1961 வரை இங்கே உலக சுகாதார நிறுவனத்தின் மூத்த மருத்துவ அதிகாரியாக இருந்து, காசநோய் வைத்திய ஆய்வை முன்னின்று நடத்தினார். லண்டன் திரும்பியவர் 1965 முதல் 1986 வரை அந்தக் கவுன்சிலின் காசநோய், நெஞ்சக நோய்கள் பிரிவுக்கு இயக்குநர். பிராம்ப்டன் மருத்துவமனைதான் அதன் இருப்பிடம். இன்று உலகம் முழுக்கக் காசநோய்க்குத் தரும் ஆறு மாத வைத்தியம் பெரும்பாலும் இந்தப் பிரிவு நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது.

ஃபாக்ஸ் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மருந்துகளை எப்படி, எவ்வளவு நாள், யார் முன்னால் சாப்பிட வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் உயிரைக் காப்பாற்றியது அதுதான்.

அவருக்கு முன் டிபிக்கு என்ன வைத்தியம்?

ஓய்வு, காற்று, சாப்பாடு. சென்னைப் புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயர் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்குகிற எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் விடுதியின் பெயர்தான் ஸ்டேஷனுக்கு ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, காற்றோட்டமான கூடங்களில் கட்டில் போட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நோயாளியைப் படுக்க வைப்பார்கள். பால், முட்டை, இறைச்சி கொடுப்பார்கள். கூடவே நுரையீரலுக்கு 'ஓய்வு' கொடுக்கிறோம் என்று விலாவுக்குள் ஊசியால் காற்றை ஏற்றி ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். விலா எலும்புகளையே வெட்டி எடுத்ததும் உண்டு.

சிலர் பிழைத்தார்கள். ஆனால் ஓய்வால் பிழைத்தார்களா, ஓய்வையும் மீறிப் பிழைத்தார்களா என்று யாரும் முறையாகச் சோதித்ததில்லை.

மருந்து வந்ததும் சானடோரியம் போயிருக்க வேண்டுமே?

போகவில்லை. மருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதலில் ஸ்ட்ரெப்டோமைசின். அதை ஃபாக்ஸின் பிரிவு, அவருக்கு முன் அதை நடத்திய ஃபிலிப் டார்சி ஹார்ட் காலத்தில், சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். ஆனால் பல நோயாளிகளிடம் கிருமி அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிவிட்டது. சில வருஷங்களில் அந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துபோனது. அப்புறம் பாஸ் என்கிற பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கிருமி பழகுவது குறைந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, வீரியம் அதிகம், வாய்வழியே சாப்பிடலாம்.

ஆனாலும் மருத்துவர்களின் மனத்தில் கட்டில் அகலவில்லை. மருந்தோடு ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தால்தான் குணமாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு தலைமுறையே அதைப் பார்த்துத்தான் வைத்தியம் கற்றது.

ஆய்வுக்கு ஏன் சென்னையைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இந்தியாவில் லட்சக்கணக்கில் நோயாளிகள், கட்டில்களோ சில ஆயிரக்கணக்கில். எல்லோரையும் சானடோரியத்தில் சேர்ப்பது கணக்கிலேயே நடக்காத காரியம். வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பது பிரிட்டனுக்கு ஒரு சுவாரசியமான கேள்வி, இந்தியாவுக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின.

ஆய்வை எப்படி நடத்தினார்கள்?

சளியில் கிருமி இருந்த, அதுவரை மருந்து சாப்பிடாத ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கல்தான் தீர்மானித்தது. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே அளவு: ஐசோனியாசிடும் பாஸும், தினமும் இரண்டு வேளை, பன்னிரண்டு மாதம்.

வித்தியாசம் மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. சானடோரியத்துக்குப் போனவர்களுக்குக் கட்டில், காற்று, நர்ஸ், நேரத்துக்கு நல்ல சாப்பாடு, வேலையிலிருந்து முழு விடுதலை. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர், அரிசியும் கொஞ்சம் பருப்பும், உடம்பு தேறியதும் திரும்ப வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். ஒரு விஷயத்தை நான் பாராட்டியே ஆக வேண்டும். வீட்டு வைத்தியம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக நல்ல வீடுகளைப் பொறுக்கவில்லை. அது தோற்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ அவ்வளவையும் கொடுத்துத்தான் சோதித்தார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உண்மையிலேயே சாப்பிட்டார்களா? யாருக்குத் தெரியும்?

ஃபாக்ஸின் மண்டையைக் குடைந்ததும் இதே கேள்விதான். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கை முழுவதுமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் சுழன்றது.

பாஸ் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். இன்றுபோல் மில்லிகிராம் கணக்கு இல்லை; ஒரு நாளைக்குப் பத்து கிராம் வரை போகும். மாவில் செய்த மெல்லிய கூட்டுக்குள் பொடியை அடைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் நனைத்துக் கொழகொழவென்று ஆனதும் விழுங்க வேண்டும். தினமும் பல கூடுகள். குமட்டும், வயிறு கலங்கும், பேதியாகும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று பசி வந்துவிடும். அதற்கப்புறம், நன்றாக இருக்கும் மனிதர் இன்னும் ஒன்பது மாதம் இந்தச் சித்திரவதையை ஏன் படவேண்டும்? நம் வீட்டில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே ஃபாக்ஸின் ஆட்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். சுகாதாரப் பார்வையாளர் கதவைத் தட்டி, மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி, மீதமிருக்கும் கூடுகளை எண்ணுவார். இன்றைய தேதிக்கு இத்தனை இருக்க வேண்டும், இத்தனை இருக்கிறது. எண்ணிக்கை இடித்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, எண்ணிக்கையையும் நம்பவில்லை. கூடுகளைக் கூவத்தில் கொட்டிவிட்டு 'சாப்பிட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதனால் அங்கேயே சிறுநீர் கேட்டு வாங்கி மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விட்டால், பாஸ் உள்ளே போயிருந்தால் நிறம் சிவப்பும் ஊதாவும் கலந்து மாறும். போகவில்லை என்றால் மாறாது.

மருந்தை ஒழுங்காக வந்து வாங்கிக்கொள்பவர்களிலும் ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் இருந்தார்கள். படித்தவர், படிக்காதவர், சாது, முரடர் என்று பார்த்து யார் சாப்பிடுவார் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியவில்லை. தானாக மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கல் பற்றி 1958இல் ஃபாக்ஸ் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். நோயாளிகளைத் திட்டி எழுதிய கட்டுரை அல்ல அது. மனிதர்கள் இப்படித்தான், இதை வைத்துக்கொண்டு வைத்தியத்தை எப்படி அமைப்பது என்பதே அவர் பார்வை.

சரி, முடிவு என்ன ஆயிற்று?

ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள்: சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியது, எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் முன்னேற்றம். ஆனால் கிருமியை ஒழிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டு நோயாளிகளுக்கு நோய் திரும்பிவந்து அடித்துவிடவில்லை.

92க்கும் 86க்கும் ஆறு புள்ளி இடைவெளி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. எதிர்பார்த்தது என்ன என்பதை வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். கட்டில் இல்லாமல் மருந்து வீண் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 86 ஒரு பேரதிர்ச்சி.

வீட்டில் வைத்திருந்தால் குழந்தைகுட்டிகளுக்குத் தொற்றாதா?

என் பாட்டி சித்தப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்ததற்கு இந்தப் பயம்தான் காரணம். டிபி தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது.

சென்னை ஆய்வு இதையும் தனியாகப் பார்த்தது. இரண்டு குழு நோயாளிகளின் குடும்பத்தினரையும் பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வந்துவிடவில்லை. ஐந்து வருஷம் பார்த்தும் அதே கதை. காரணம் எளிது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அந்த மாதக்கணக்கான 'சாதாரண இருமல்' காலத்திலேயே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரப்பும் சக்தி மளமளவென்று குறைகிறது. ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைப்பதால் தடுக்கக்கூடியது அவ்வளவாக எதுவும் மிச்சமில்லை.

அப்படியானால் சத்தான சாப்பாடு தேவையே இல்லையா? இப்போது அரசு பணம் கொடுக்கிறதே?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சென்னை மையம் உணவைப் பற்றி 1961இல் தனி அறிக்கை வெளியிட்டது. வீட்டு நோயாளிகளின் சாப்பாடு கலோரியிலும் புரதத்திலும் சானடோரியத்தைவிட வெகுவாகக் குறைவு. ஆனாலும் சரியான மருந்து இருந்தால் கிருமி ஒழிந்தது. அது சொன்னது அவ்வளவுதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் 'சாப்பாடு முக்கியமில்லை' என்று அதை நீட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குக் காசநோய்த் திட்டத்தில் உணவு பின் வரிசைக்குப் போனதில் இந்த நீட்டலுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

ஜார்க்கண்டில் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கிடைத்தது. ஒரு பாதி குடும்பங்களில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். முரண்படவில்லை. மருந்து சாப்பிடுகிறவரின் நுரையீரலில் கிருமி சாகுமா என்பது சென்னையின் கேள்வி. பட்டினி கிடக்கும் உடம்புக்கு நோய் வருமா, வந்தால் உயிர் தங்குமா என்பது ஜார்க்கண்டின் கேள்வி. ஆகவே அரசு தரும் ஊட்டச்சத்துப் பணத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024இல் 1,000 ஆனது.

இதெல்லாம் ஒரு வெள்ளைக்காரர் தனியாகச் செய்ததா?

இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம். அறிக்கைகளில் தேவதத்தா, ராதாகிருஷ்ணா, சி.வி. ராமகிருஷ்ணன், வேலு என்று நம்மவர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஐசோனியாசிடைச் சிலர் உடம்பு வேகமாகவும் சிலர் உடம்பு மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. மெதுவானவர்களுக்குக் கைகால் எரிச்சல், மரத்துப்போதல் அதிகம் வருகிறது என்பதை விவரமாக ஆராய்ந்ததும் இதே சேத்துப்பட்டுக் குழுதான். அப்புறம் அந்தச் சுகாதாரப் பார்வையாளர்கள். வெயிலில் சந்துசந்தாக அலைந்து பாட்டிலில் சிறுநீர் வாங்கிவந்தவர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு சதவீதக் கணக்கும் வந்திருக்காது.

நர்ஸ் முன்னால் மாத்திரை விழுங்கும் முறை இங்கிருந்துதான் வந்ததா?

அதன் முக்கியமான வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. தினமும் சாப்பிடுகிறாரா என்று துப்பறிவதைவிட, வாரம் இரண்டு முறை வரவைத்து நம் கண் முன்னாலேயே சாப்பிட வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கு எப்படியும் வந்தாக வேண்டும். வந்த கையோடு ஐசோனியாசிடைக் கூடுதல் அளவில் விழுங்கிவிட்டுப் போகட்டும். 1964இல் வெளியான முடிவுப்படி, இந்த வாரம் இருமுறை வைத்தியம் தினமும் வீட்டில் சாப்பிடும் ஐசோனியாசிட், பாஸ் வைத்தியத்துக்குச் சளைக்கவில்லை. ஹாங்காங்கிலும் நெஞ்சக நோய்க் கிளினிக்குகளில் ஃபாக்ஸின் பிரிவு இதே வழியில் பல ஆய்வுகள் செய்தது. தொண்ணூறுகளில் உலகம் முழுக்க 'டாட்ஸ்' என்று பெயர் வைத்துப் பரப்பியதில் ஒரு பகுதி இதுதான்.

பதினெட்டு மாத வைத்தியம் ஆறு மாதமானது எப்படி?

அறுபதுகளில் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிடுவதுதான் வழக்கம். பாதியில் விடுகிறவர்கள்தான் பெரிய தலைவலி என்றால், வைத்தியத்தின் காலத்தையே வெட்டிவிடலாமே என்று ஃபாக்ஸும் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிச்சிசனும் கேட்டார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா நாடுகளில் சோதனை நடந்து 1972இல் முடிவு வந்தது.

நாலு குழுக்களுக்கு அடிப்படையாக ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிடும், ஆறே மாதம். அதோடு ரிஃபாம்பிசின் சேர்த்தவர்களில் நோய் திரும்பியது 3 சதவீதம். பைரசினமைட் சேர்த்தவர்களில் 8. தையாசிடசோன் சேர்த்தவர்களில் 22. எதுவும் சேர்க்காதவர்களில் 29. மருத்துவப் படிப்பே இல்லாத நான்கூட இந்த நாலு எண்களை ஒரு முறை பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. ஆறு மாத முடிவில் நாலு குழுவிலும் பெரும்பாலோர் சளி சுத்தமாகத்தான் இருந்தது. மறைந்து தூங்கிக்கொண்டிருந்த கிருமிகளை எந்த மருந்து கொன்றது, எது விட்டுவைத்தது என்பது மருந்தை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

பைரசினமைட் 1952 முதலே இருந்த மருந்து. ஈரலைக் கெடுக்கிறது என்று ஓரங்கட்டியிருந்தார்கள். அளவைக் குறைத்து அதை மீண்டும் உள்ளே கொண்டுவந்ததில் இந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று வழக்கமான காசநோய் வைத்தியத்தில் முதல் இரண்டு மாதம் நாலு மருந்துகளில் ஒன்றாகச் சாப்பிடுவது அதைத்தான்.

சென்னை ஆய்வை இந்தியா ஒழுங்காகப் பின்பற்றியதா?

பாதியைப் பின்பற்றியது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு வைத்தியத்தையே அடித்தளமாக வைத்தது. மாவட்டம்தோறும் மையம், கையில் மருந்து, வீட்டுக்குப் போ. ஆனால் சென்னை ஆய்வில் 'வீடு' என்றால் வெறும் வீடு அல்ல, எப்போது வேண்டுமானாலும் யாராவது வந்து தட்டக்கூடிய கதவு உள்ள வீடு. திட்டம் வீட்டை எடுத்துக்கொண்டது, கதவைத் தட்டுகிற ஆளை விட்டுவிட்டது. ஆள் போடக் காசில்லை, மருந்தும் அடிக்கடி தீர்ந்துபோகும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திட்டத்தை ஆய்வுசெய்தபோது வைத்தியம் தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட முழுதாக முடிக்கவில்லை என்று தெரிந்தது. 1993இல் திருத்திய திட்டம் வந்தது. வாரம் மூன்று முறை, கண்காணிப்பாளர் முன்னால். 2017இலிருந்து மீண்டும் தினசரி மருந்து.

'சென்னை ஆய்வு தோற்றுவிட்டது' என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். தோற்றது ஆய்வு அல்ல. அதில் விலை அதிகமாக இருந்த பாதியைக் கழற்றிவிட்டு மலிவான பாதியை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

டிபி தவிர வேறு என்ன செய்தார்?

சிறு செல் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா என்று ஒப்பிட்ட சோதனையின் பத்து வருஷ முடிவை 1973இல் ஸ்கேடிங் என்கிற இன்னொரு நெஞ்சக நோய் மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்டார். கத்தி ஜெயிக்கவில்லை. முதுகெலும்புக் காசநோயில் அவருடைய கவுன்சிலின் குழு கொரியாவில் நடத்திய சோதனைகளும் இதே ரகம்: மாதக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதும் மாவுக்கட்டு மேலங்கி போடுவதும் மருந்துக்கு மேல் பெரிதாக எதையும் கூட்டவில்லை.

ஏழை நாட்டு மக்களைச் சோதனை எலிகளாக்கினார்கள் என்கிறார்களே?

கேட்க வேண்டிய கேள்விதான். லண்டனில் தீர்மானித்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சோதித்தார்கள் என்பது உண்மை. அன்றைக்கு நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும் முறைகள் இன்றைய அளவுக்கு இல்லை. மலிவு என்பதற்காகச் சோதிக்கப்பட்ட தையாசிடசோன் பின்னாளில் எச்ஐவி உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து சாகும் அளவுக்கு ஆபத்தாக முடிந்தது. எச்ஐவி பற்றி யாருக்கும் தெரியாத காலத்தில் தொடங்கிய மருந்து என்றாலும், பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையில் கேட்ட கேள்வி சென்னைக்கு வேண்டிய கேள்வி. விடையின் பலன் முதலில் வந்ததும் இங்கேதான். பிறகு அதே விடை பணக்கார நாடுகளின் சானடோரியங்களையும் காலிசெய்தது. சேத்துப்பட்டுக் குடிசைகளில் கிடைத்த விடையை ஐரோப்பா பின்பற்றியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே.

அந்த மையம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறியது. அதே சேத்துப்பட்டில்தான். லண்டனில் ஃபாக்ஸின் பிரிவைத்தான் அவர் ஓய்வுபெற்ற 1986இல் மூடிவிட்டார்கள். பணக்கார நாடுகள் டிபி முடிந்துவிட்டது என்று நினைத்த காலம் அது.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு டிபி. இப்போது என்ன செய்யலாம்?

மருந்தைப் பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது. வீட்டார் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தொடக்க வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும். கூட இருக்கும் எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், பரிசோதனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். தட்டையும் டம்ளரையும் பிரிக்க வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் போனால், பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பு தேறிவிட்டது என்று மூன்றாம் மாதம் அவர் மாத்திரையை நிறுத்தப் பார்ப்பார். அப்போதுதான் உங்களுக்கு வேலை.

இன்னொன்று. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் சாயம். என் சித்தப்பாவிடம் நர்ஸம்மா இதைச் சொன்னதைப் பாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கப்புறம் ஆறு மாதமும், சித்தப்பா பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போதெல்லாம், திண்ணையிலிருந்து குரல் வரும்: "டேய், என்ன கலர்ல போச்சு?"